எண்ணெயா, சேதியா

இரண்டு பெட்டியையும் பானட்டின் மேல் வைத்துவிட்டு
இரண்டு பேரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.
குலசேகரம் சந்தைக்குப் பின்னால் ஷெட்.
மழை விட்டாயிற்று, தகரத்தின் நுனி இன்னும் விடவில்லை.

ஒன்று மெக்கானிக்கல்.
எஞ்சினின் விலாவிலிருந்து ஒரு சன்னக் குழாய்
என் முழங்காலுக்கு மேலே வந்து நின்று
எண்ணெயாலேயே முள்ளை நெம்பும்.
மற்றது எலக்ட்ரிக்.
அங்கே ஒரு சென்சார், இங்கே ஒரு முள்,
இடையில் ஒற்றை வயர்.
விலையில் முந்நூறு ரூபாய் வித்தியாசம்.

"பேட்டரி செத்துக் கிடந்தாலும் இது காட்டும்.
கரண்டை நம்பி நான் கண்ணை மூடமாட்டேன்"
என்றார் ஏசுவடியான் மேஸ்திரி.
"எண்ணெய் எதுக்கு அக்கா உள்ள வரணும்?
சேதி வந்தாப் போதாதா?"
என்றான் வயரிங் ரெஜின்.
அதற்குப் பிறகு அவர்கள் பேசியது
என் ஜீப்பைப் பற்றி அல்ல.

பழைய முள் மூன்று வருஷமாகப் பாதியில் நின்றது.
பேச்சிப்பாறை ஏற்றத்திலும் பாதி.
சாவியை உருவி முந்தானையில் முடிந்த பிறகும் பாதி.
தெரியும் எனக்கு.
பாதி இருக்கிறதே என்று ஓட்டினேன்.
கோதையாறு வளைவில், ஆறு பேரல் ரப்பர் பாலோடு,
ஒரு இருமல், அப்புறம் ஒரு இரும்புச் சத்தம்.
பிரித்தபோது கிராங்க் நீலம் பாரித்திருந்தது.
எழுபத்திரண்டாயிரம்.
தள்ளிப்போட்ட சீட்டை எடுத்தேன், இரண்டு வளையலைக் கழற்றினேன்.
அந்த முள்ளை மேஸ்திரி கழற்றிக் கையில் தந்தார்.
அங்கேயும் பாதிதான் காட்டியது.

அவர்கள் இருவரும் சொல்லாத ஒன்று உண்டு.
பாலில் ஊற்றும் அமோனியா செம்பைத் தின்னும்.
சாவிக்கொத்தின் பித்தளை மணி
ஒரே மழைக்காலத்தில் நீலமாய்ப் பூத்தது.
செம்புக் குழாய் என்றால் அதற்குப் பலகாரம்.
வயரின் நுனியும் செம்பு, எர்த்தும் செம்பு.
இந்த வண்டியின் வயர்களோ
எண்பத்தொன்பதில் போட்ட நிறத்தை மறந்துவிட்டவை.
லைட்டைப் போட்டால் ஹாரன் தணியும்,
ஹாரன் அடித்தால் வைப்பர் யோசிக்கும்.
அந்தக் குடும்பத்துக்குள் இன்னொருத்தியைக் கட்டிக்கொடுப்பதா?

டீயோடு வந்தார்கள். சொன்னேன்.
எண்ணெய்க்கு மெக்கானிக்கல், ஆனால் நைலான் குழாய்.
சூட்டுக்கு எலக்ட்ரிக்,
பேட்டரியிலிருந்து நேரே தனி எர்த்.
"சூட்டுக்கும் இதையே போடேன்" என்றார் மேஸ்திரி.
அந்தக் குழாயை வெட்டவும் முடியாது, ஒட்டவும் முடியாது,
ஒரு மடிப்பு விழுந்தால் மொத்தமும் குப்பை.
என் ஆள் ஸ்பானர் தேடும்போது
கையை எங்கெல்லாம் விடுவாரென்று
எனக்குத்தானே தெரியும்.
ரெஜின் சிரித்தான். மேஸ்திரி சிரிக்கவில்லை.
இருவருக்கும் பாதிப் பாதி வருத்தம்.

முதல் லோடு செவ்வாய் இரவு.
லைட் போட்டதும் சூட்டு முள் ஒருமுறை தலையாட்டி
எண்பதில் உட்கார்ந்தது.
எண்ணெய் முள் லைட்டைக் கண்டுகொள்ளவே இல்லை.
மிதித்தால் எழுந்தது, விட்டால் இறங்கியது,
என் காலுக்கும் அதற்கும் நடுவே
யாருமில்லாததுபோல.
எதிரே பஸ் வந்தபோதும் அதைத்தான் பார்த்தேன்.
டிரைவர் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

சிற்றாறு தாண்டி ஏற்றத்தில்
வலது கணுக்காலில் சுடச்சுட ஒரு சொட்டு.
பிறகு இன்னொன்று.
ஓரம் கட்டினேன். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாய்க் கிடந்து
நட்டைக் கால் சுற்று முறுக்கினேன்.
பின்னால் பேரல்கள் தளும்பி அடங்கின.
கணுக்காலை ஈரத்துணியால் துடைத்தேன். கொப்புளம் இல்லை.

முப்பத்தெட்டு காட்டியது.
முறுக்கும் முன்னும் முப்பத்தெட்டுதான்.
சொட்டு விழுந்திராவிட்டால்
இறங்கியிருக்கவே மாட்டேன்.

ரெஜினிடம் இதைச் சொல்லவில்லை.